தாளக்காரர் தலையாட்டி அல்ல

கார்த்திகைத் திருவிழாவின் ஓர் இரவு. திருவண்ணாமலை மாடவீதியில் சுவாமி புறப்பாட்டுக்காகக் காத்திருந்த கூட்டத்தில் என் பக்கத்தில் ஓர் அப்பாவும் ஏழெட்டு வயது மகனும் நின்றார்கள். மேளம் எங்களைக் கடந்தபோது, தாளம் போட்டுக்கொண்டு நடந்த இளைஞரைக் காட்டிப் பையன் கேட்டான்: "அவரு என்னப்பா வாசிக்கிறாரு?" அப்பா சொன்னார்: "அவரு ஒண்ணும் வாசிக்கலடா. சும்மா ஜால்ரா போடுறாரு."

அவர் யாரையும் இழிவுபடுத்த நினைத்துச் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் எந்த ஊரில் கேட்டிருந்தாலும் அந்தப் பையனுக்கு இதே பதில்தான் கிடைத்திருக்கும். இத்தனை இயல்பாக, இத்தனை பேர் வாயில் வருகிறது என்பதாலேயே இதை மறுத்தாக வேண்டும் என்று நினைக்கிறேன்.

அந்தப் பதிலுக்குள் மூன்று எண்ணங்கள் இருக்கின்றன. தாளம் போடுவதில் கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை என்பது முதலாவது. தாளக்காரர் வித்வான் போகிற வழியில் பின்னாலேயே போகிறவர் என்பது இரண்டாவது. இந்த இரண்டையும் ஒப்புக்கொண்டவர்களுக்கு மூன்றாவது தானாகவே வந்துவிடுகிறது: அந்த இடத்தில் ஒரு மோட்டாரைப் பூட்டிவிட்டாலும் குறைவில்லை. இந்த மூன்றாவதைப் பலர் வாய்விட்டுச் சொல்வதில்லை. எத்தனையோ கோயில்களில் செய்தே காட்டிவிட்டார்கள்.

சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். பெரிய மேளத்தில் நால்வர்: நாகசுரம், தவில், ஒத்து, தாளம். முதல் இருவரை உலகம் பெயர் சொல்லி அறியும். மற்ற இருவரைத் தமிழ் என்ன செய்து வைத்திருக்கிறது? பெரிய மனிதருக்குத் தலையாட்டுகிறவனை 'ஒத்து ஊதுகிறான்' என்கிறோம், 'ஜால்ரா போடுகிறான்' என்கிறோம். பிழைப்புக்கு வழியில்லாதவன் 'சோற்றுக்குத் தாளம் போடுகிறான்'. அவனே 'சிங்கியடிக்கிறான்' என்றும் சொல்லிக்கொள்கிறோம், சிங்கியும் கைத்தாளம்தான். 'சுருதி மாதா, லயம் பிதா' என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதும் நாம்தான். அந்தச் சுருதியை மூச்சடக்கிப் பிடித்திருப்பவர் ஒத்துக்காரர். அந்த லயத்தை விரலில் பிடித்திருப்பவர் தாளக்காரர். தாயும் தந்தையும் என்று போற்றிய இரண்டையும் சுமப்பவர்களின் பெயர்களையே துதிபாடிகளுக்குக் கொடுத்துவிட்டோம்.

அந்த உவமை இழிவானது என்பதைவிட, அது தலைகீழானது என்பதே என் வாதம். துதிபாடி என்ன செய்கிறான்? தலைவர் இடம் மாறினால் தானும் மாறுகிறான். தலைவர் வேகமெடுத்தால் அவனும் வேகமெடுக்கிறான். தாளக்காரர் செய்யக் கூடாத ஒரே காரியம் அதுதான். கச்சேரி சூடேறும்போது நாகசுரக்காரருக்கும் தவில்காரருக்கும் ரத்தம் ஏறும், காலப்பிரமாணம் மெல்ல ஓடப் பார்க்கும். அப்போது தாளம் அவர்களோடு சேர்ந்து ஓடினால் பல்லவி குலைந்துவிடும். ஓடுகிறவர்கள் எவ்வளவு பெரியவர்களாக இருந்தாலும், மேளத்திலேயே வயதில் சின்னவராக இருக்கக்கூடிய அந்தத் தாளக்காரர் தன் இடத்தில் நிற்க வேண்டும். அவர் நிற்பதால் அவர்கள் திரும்பி வருகிறார்கள்.

தவிலின் தனி ஆவர்த்தனத்தைக் கவனியுங்கள். ஆதி தாளத்தின் நான்கு நான்கான நடைக்குமேல் தவில்காரர் மூன்று மூன்றாகவும் ஐந்து ஐந்தாகவும் கோத்துக்கொண்டே போவார். சமத்துக்கு முன்னாலேயே எடுப்பார், தள்ளி எடுப்பார். வேண்டுமென்றே கேட்பவனின் காதைக் குழப்புவார். அந்தப் புயலுக்கு ஓரடி தூரத்தில் நிற்கும் தாளக்காரரின் காதிலும் அதே புயல்தான் அடிக்கிறது. அவர் கை மட்டும் பிசகக் கூடாது. தவில்காரர் அத்தனை சுதந்திரமாகத் திரிய முடிவதே, திரும்பி வர ஓர் இடம் அங்கே இருக்கிறது என்ற நம்பிக்கையால்தான். சுவாமி புறப்பாட்டில் கம்பீரநாட்டையில் வாசிக்கப்படும் மல்லாரியும் இப்படித்தான். அதே உருப்படியைக் கீழ்க்காலம், மத்திமகாலம், மேல்காலம் என்று நாகசுரம் மாற்றி மாற்றி வாசிக்கும். தாளம் மாறாமல் இருப்பதால்தான் வாசிப்பு மாறியது நமக்குத் தெரிகிறது.

எனக்குக் கொஞ்ச காலம் தாளம் சொல்லிக்கொடுத்த பெரியவர் ஒரு நாள் என் கையிலிருந்து தாளத்தை வாங்கி வைத்துவிட்டார். அவர் வேண்டுமென்றே வேகமெடுத்தபோது நான் மரியாதையாகப் பின்னாலேயே போயிருந்தேன். "என் பின்னாடி வராத தம்பி. நான் தப்பு பண்ணா எனக்குக் காட்டறதுக்குத்தான் உன்ன நிக்க வச்சிருக்கேன்" என்றார். ஜால்ரா என்ற சொல்லை நாம் பயன்படுத்தும் பொருளை இதைவிட முழுமையாக மறுத்த வாக்கியம் ஒன்றை நான் கேட்டதில்லை.

இனி முதல் எண்ணத்துக்கு வருவோம். தாளத்தில் கற்க ஒன்றுமில்லையாம். ஓர் இணைத் தாளத்தைக் கையில் எடுத்துப் பார்த்தவர் இப்படிச் சொல்ல மாட்டார். பெரிய மேளத்துத் தாளம் கனத்த வெண்கலக் கிண்ணம் போலிருக்கும். கயிற்றை விரலில் சுற்றிப் பிடிக்க வேண்டும்; உள்ளங்கை வெண்கலத்தில் படக் கூடாது, பட்டால் நாதம் அங்கேயே அடங்கிவிடும். இரண்டையும் நேருக்கு நேர் வைத்து மோதினால் நடுவில் காற்று அடைபட்டு மொட்டையாக ஒரு சத்தம் வரும். விளிம்பும் விளிம்பும் சற்றே விலகியிருக்க, ஒன்று மற்றொன்றின்மேல் சாய்வாக விழ வேண்டும். விழுந்த உடனே பிரிய வேண்டும். பிரிவது ஓர் இமைப்பொழுது தாமதித்தாலும் வெண்கலம் வெண்கலத்தோடு உரசிக் கரகரக்கும்.

இதுவரை ஒரு தட்டு மட்டும்தான் ஆகியிருக்கிறது. திறந்த ஓசை வேறு, மூடிய ஓசை வேறு. விழுந்து பிரிந்து நீளும் ஓசை திறந்தது. விழுந்த இடத்திலேயே அமர்த்தி நிறுத்துவது மூடியது. ஆதி தாளத்தின் 8 அட்சரங்களில் 1, 5, 7 ஆகியவற்றில் தட்டு. 2, 3, 4 விரல் எண்ணிக்கை. 6, 8 வீச்சு. பாடகர் தொடையில் கையால் காட்டுகிற இந்த மூன்று வேறுபாட்டையும் தாளக்காரர் இரண்டு துண்டு உலோகத்தில் காட்ட வேண்டும். எதைத் திறந்து ஒலிக்க விடுவது, எதை அமர்த்துவது, எதைத் தட்டாமலே மனத்தில் எண்ணிக் கடப்பது என்ற தேர்வில்தான் கேட்பவனுக்குத் தாளத்தின் உருவம் கிடைக்கிறது. எல்லாவற்றையும் ஒரே கனத்தில் தட்டிக்கொண்டு போனால் எண்ணிக்கை இருக்கும், தாளம் இருக்காது. ஆலாபனையில் கை முழுவதுமாக அடங்கியிருக்க வேண்டும். பாட்டின் எடுப்பு எங்கே என்பதை ராகம் முடியும்போதே உணர்ந்து, முதல் தட்டைத் தயங்காமல் போட வேண்டும். திருவிழாப் புறப்பாட்டில் மணிக்கணக்காக நடந்துகொண்டே போட வேண்டும் என்பதால், முழங்கையை வீசாமல் மணிக்கட்டு மட்டும் வேலை செய்யும்படி பழக வேண்டும்.

வீதியில் போடுவதற்கென்றே ஒரு தனிச் சிரமம் இருக்கிறது. ஒலி காற்றில் விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் போகும். மேளத்துக்கு 34 மீட்டர் பின்னால் வருகிறவருக்கு ஒவ்வொரு தட்டும் பத்தில் ஒரு விநாடி தாமதமாகத்தான் கேட்கும். விநாடிக்கு 4 சொல் விழும் வேகத்தில் அது கிட்டத்தட்ட அரைச் சொல். அதோடு 217 அடி ராஜகோபுரத்திலும் மதில்களிலும் பட்டு எதிரொலி வேறு வரும். தவிலின் ஒலி அந்த எதிரொலியில் பரந்து கலங்கும். வெண்கலத்தின் ஒலி விழுகிற கணத்தில் ஊசிமுனைபோல் கூர்மையாக இருப்பதால் கலங்காமல் போய்ச் சேரும். சுவாமியைச் சுமக்கும் ஸ்ரீபாதம் தாங்கிகளின் கால் அந்த முனையைப் பிடித்துக்கொள்கிறது. சுவாமி அசைந்தாடி வருகிறார் என்று நாம் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோமே, அந்த அசைவுக்கு அடி எடுத்துக் கொடுப்பது தாளம்.

இதே வெண்கலம் நட்டுவனார் கையில் இருந்தால் நாம் ஜால்ரா என்று சொல்வதில்லை. நட்டுவாங்கத் தாளத்தில் ஒன்று எஃகு, மற்றது வெண்கலம் அல்லது பித்தளை. ஆடுகிறவரின் காலுக்கு நட்டுவனார் அதைத் தட்டும்போது ஆசிரியர் என்று எழுந்து நிற்கிறோம். தஞ்சை நால்வரின் மரபை எடுத்துவந்த பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை நாட்டிய உலகம் இன்றும் குரு என்றே வணங்குகிறது. கருவி ஏறத்தாழ ஒன்றுதான், கற்க வேண்டிய லயமும் ஒன்றுதான். மேடையில் மதிக்கப்படுவது வீதியில் இறங்கியதும் எப்படி ஒன்றுமில்லாததாகிறது? மேளத்தில் அதைப் பெரும்பாலும் கற்றுக்குட்டிப் பையன்களிடம் கொடுப்பதால் அப்படித் தோன்றுகிறது. பையனிடம் கொடுப்பது எளிதானது என்பதற்காக அல்ல. நாகசுரத்தில் சீவாளியை வாயில் வைக்கும் முன்னும், தவிலுக்கு விரலில் கூடு மாட்டும் முன்னும் லயம் உடம்பில் இறங்கியிருக்க வேண்டும் என்பதற்காக. கட்டடத்துக்கு அஸ்திவாரம் முதலில் போடப்படுவதால் அதை யாரும் அற்ப வேலை என்பதில்லை.

நம் முன்னோர் இதை அற்பம் என்று நினைத்ததில்லை. இசைக்கருவிகளைத் தோல், துளை, நரம்பு, கஞ்சம் என்று வகுத்தபோது வெண்கலத்துக்குத் தனி வகுப்பே கொடுத்தார்கள். சிலப்பதிகாரத்துக்கு உரை செய்த அடியார்க்கு நல்லார் தாள அளவுகளைக் கொட்டு, அசை, தூக்கு, அளவு என்று பிரித்து, முறையே அரை, ஒன்று, இரண்டு, மூன்று மாத்திரை என்கிறார். அரை மாத்திரைக்கும் பெயர் வைத்த மரபு இது.

சீர்காழியை அடுத்த திருக்கோலக்காவின் கதை எல்லோருக்கும் தெரியும். குழந்தை ஞானசம்பந்தர் கையால் தாளமிட்டுப் பாட, பிஞ்சுக் கை சிவந்தது கண்டு இறைவன் பொற்றாளம் கொடுத்தார். சுந்தரரும் தம் பதிகத்தில் இதைப் பாடியிருக்கிறார். தலபுராணம் இன்னும் ஒன்று சொல்கிறது. பொன்னில் நாதம் எழாது என்பதால் அம்மை அதற்கு ஓசை கொடுத்தாள். அதனால் அவள் பெயர் ஓசை கொடுத்த நாயகி. ஒரு கருவியின் ஓசைக்காக அம்மனுக்குத் திருநாமம் அமைந்த ஊர் அது. நாகசுரம் கேட்காத, யாழ் கேட்காத குழந்தைக்கு இறைவன் முதலில் கொடுத்த கருவி தாளம் என்பதைச் சைவர்கள் கொஞ்சம் நின்று நினைத்துப் பார்க்க வேண்டும். உலோகத்தில் எது ஒலிக்கும் என்ற அறிவும் அந்தக் கதைக்குள் இருக்கிறது. நல்ல தாளத்துக்கு வெண்கலம் வார்ப்பவர்கள் ஏறத்தாழ நான்கு பங்கு செம்புக்கு ஒரு பங்கு வெள்ளீயம் சேர்ப்பார்கள். வெள்ளீயம் குறைந்தால் நாதம் குறையும். கூடினால் கீழே விழுந்ததும் உடையும்.

அந்தச் சம்பந்தர் பாடிய மலை இந்தத் திருவண்ணாமலை. அருணகிரிநாதரின் ஊரும் இதுதான். திருப்புகழ்ப் பதிப்புகளில் பாட்டின் தலையில் தகிட 1½, தகதிமி 2, தகதகிட 2½ என்று தாளக் கணக்கு அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முழு எண்ணில் அடங்காத அந்தச் சந்தங்களுக்கு ஆதி தாளத்தைத் தட்டிக்கொண்டு போனால் பாட்டும் தாளமும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். சொல் எங்கே முறிகிறதோ அங்கே தட்டு விழ வேண்டும். அதற்குத் தமிழும் தெரிந்திருக்க வேண்டும். அருணகிரிநாதருக்கு முருகன் காட்சி தந்த கம்பத்து இளையனார் சந்நிதி இருக்கிற கோயிலின் வாசலில் நின்றுகொண்டு, தாளத்தில் கற்க ஒன்றுமில்லை என்று சொல்ல இந்த ஊர்க்காரர் யாருக்கும் உரிமை இல்லை.

வெளியுலகம் இதைத் தாமதமாகக் கண்டுகொண்டாலும் உறுதியாகக் கண்டுகொண்டது. மேற்கத்திய டிரம்ஸில் வெகுகாலம் காலை வைத்து மிதிக்கும் பெரிய டிரம்மே தாளத்தைச் சுமந்தது. 1940 வாக்கில் நியூயார்க்கில் கென்னி கிளார்க் என்ற ஜாஸ் டிரம்ஸ் கலைஞர் அந்தப் பொறுப்பைத் தோலிலிருந்து எடுத்துச் சிம்பலுக்குக் கொடுத்தார். சிம்பல் இடைவிடாமல் காலத்தைச் சொல்லிக்கொண்டிருக்க, தோற்கருவிகள் நினைத்த இடத்தில் நினைத்ததைப் பேச விடுதலை பெற்றன. அதை நவீன ஜாஸின் பெரிய திருப்பம் என்று எழுதுகிறார்கள். வெண்கலம் காலத்தைப் பிடித்திருக்க, தோல் அதன்மேல் சஞ்சரிக்கும் அதே ஏற்பாட்டோடுதான் நம் பெரிய மேளம் எத்தனையோ தலைமுறையாக வீதியில் நடந்துகொண்டிருக்கிறது. 1884-இல் லைப்சிக் நகரில் அரங்கேறிய புரூக்னரின் ஏழாம் சிம்பொனியில், மெதுவான இரண்டாம் பகுதியின் உச்சத்தில் ஒரே ஒரு சிம்பல் தட்டு வருகிறது. அந்த ஒரு தட்டு இருக்க வேண்டுமா, வேண்டாமா என்று அறிஞர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். ஒரு தட்டுக்கு அவர்கள் தரும் மதிப்பை, இரவு முழுக்கத் தட்டுகிறவருக்கு நாம் தருவதில்லை.

இப்போது மோட்டாருக்கு வருகிறேன். பொத்தானை அழுத்தினால் நகராவும் மணியும் சேகண்டியும் தாளமும் தாமாக அடித்துக்கொள்ளும் இயந்திரம் தீபாராதனை நேரத்தில் எத்தனை கோயில்களில் அலறுகிறது! அதன் பக்கம் பேசுகிறவர்களுக்கு வலுவான வாதம் ஒன்று உண்டு. அறநிலையத்துறையின் கீழ் 40,000-க்கும் மேற்பட்ட கோயில்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை வருமானமில்லாத சிறு கோயில்கள். விளக்குக்கு எண்ணெய் வாங்கவே திண்டாடும் இடத்தில் மேளக்காரருக்கு எங்கிருந்து சம்பளம் கொடுப்பது? இந்தக் கேள்வியை நான் தள்ளவில்லை. ஒற்றை ஆளாகப் பூசையும் செய்து மணியும் அடிக்கிற குருக்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் அந்த வாதம் மோட்டாருக்குத் துணை நிற்கவில்லை. ஏழைக் கோயிலுக்கு ஏற்ற தாளம் ஏற்கெனவே இருக்கிறது, அது கைத்தட்டு. சம்பந்தர் தொடங்கியது அதில்தான். ஐந்து பேர் நின்று ஒரு பதிகத்தைக் கைதட்டிப் பாடினால் அங்கே தாளம் உண்டு, செலவு ஒரு காசு இல்லை. இயந்திரம் அந்த ஐந்து பேரின் வாயையும் அடைத்துவிடுகிறது. அதன் இரைச்சலுக்கு மேல் யாராலும் பாட முடியாது. மேலும், இது ஏழைக் கோயிலோடு நிற்கவில்லை. மேளம் வைத்து நடத்த வசதியுள்ள இடங்களும் அதைப் பெருமையாக மாட்டிக்கொள்கின்றன.

இயந்திரம் பிசகுவதே இல்லை என்பார்கள். சாதகம் செய்கிற மாணவருக்கு அந்தப் பிசகாமை உதவும். தாளக் கருவியை வைத்துக்கொண்டு வீட்டில் பழகுவதை நான் எதிர்க்கவில்லை. தீபாராதனை வேறு. கற்பூரத் தட்டு மேலேறும்போது கை தானே விரைகிறது, இறங்கும்போது தணிகிறது, திரை விழும் கணத்தில் நிற்கிறது. தாளம் போடுகிறவர் சந்நிதியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மோட்டார் எதையும் பார்ப்பதில்லை, எதையும் கேட்பதில்லை. தலைவர் ஒருவரை மட்டுமே கேட்பவன் துதிபாடி. யாரையுமே கேட்காதது இயந்திரம். எல்லாரையும் கேட்டுக்கொண்டு, எவருக்காகவும் வளையாமல் நிற்பவர் தாளக்காரர். நாம் அவரைத் துதிபாடி என்று பெயரிட்டோம். பிறகு அவர் இடத்தில் இயந்திரத்தை வைத்தோம். முதல் தவறு இல்லாமல் இரண்டாவது நடந்திருக்காது.

இன்று தாளம் போடுகிற சிலர் கவனமில்லாமல் போடுவதும் உண்டு. கிரிவலப் பாதையில் கூட்டத்தோடு கூட்டமாகப் பெரிய தாளங்களை வலுவெல்லாம் கூட்டி மோதி, நாதம் எழாமல் இரைச்சல் மட்டும் எழுப்புகிறவர்களும் உண்டு. அவர்களைக் காட்டி என் வாதத்தை மறுக்கலாம். இது ஒரு கலை என்று அவர்களுக்கு யார் சொன்னார்கள்? மேளத்தில் பங்கு பிரிக்கும்போது கடைசிப் பங்கு பெரும்பாலும் தாளத்துக்குத்தான். விழா அழைப்பிதழில் நாகசுரம், தவில் கலைஞர்களின் பெயர் இருக்கும். தாளக்காரரின் பெயர் அரிதாகத்தான் இருக்கும். அறநிலையத்துறைக் கோயில்களின் பணியிடங்களில் நாகசுரம், தவில் என்பவற்றோடு தாளம் என்று ஒன்றும் உண்டு. மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில், திருவண்ணாமலையில் இருப்பது உட்பட, குரலிசை, நாகசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் ஆகியவற்றுக்கு வகுப்பு உண்டு. தாளத்துக்குத் தனி வகுப்பு இல்லை. வேலை இருக்கிறது, அந்த வேலையைக் கற்றுத்தர இடமில்லை. இதை மாற்றுவது பெரிய செலவுள்ள காரியம் அல்ல. தவில் ஆசிரியர் இருக்கிற பள்ளியில் தாளத்துக்கு ஒரு பாடத்திட்டமும் ஒரு சான்றிதழும் வைத்தால் போதும். அழைப்பிதழில் இன்னும் ஒரு வரி அச்சிட்டால் போதும். திருவாசகமும் தேவாரமும் பாடுகிற அடியார் குழுக்கள் தங்கள் பிள்ளைகளை ஒரு தவில் வித்வானிடம் சில மாதம் அனுப்பி வைத்தால் போதும்.

சொல்லையும் மாற்ற வேண்டும். துதிபாடுகிறவனைத் துதிபாடி என்றே சொல்லுவோம். தமிழில் சொல்லுக்கா பஞ்சம்?

அன்று இரவு அந்தப் பையனுக்கு நான் பதில் சொல்லவில்லை. அதற்குள் சுவாமி நெருங்கிவிட்டார், கூட்டம் அரோகரா என்று முன்னால் சாய்ந்தது. பையன் அப்பாவின் தோளில் ஏறிக்கொண்டான். அவன் குதிகால் அப்பாவின் மார்பில் இலேசாகத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். நாகசுரத்தின் சங்கதிகளோடு போகவில்லை, தவிலின் சொற்களோடும் போகவில்லை. கடந்துபோய்விட்ட அந்த இளைஞரின் வெண்கலம் விழுந்த இடங்களில் அது விழுந்துகொண்டிருந்தது. அவர் என்ன வாசிக்கிறார் என்ற அவன் கேள்விக்குச் சரியான பதில் இதுதான்: மற்ற எல்லாரும் எதை வைத்து வாசிக்கிறார்களோ, அதை.